கண்டிச் சீமைக்கு ‘யூனியன் ஆள்’ வந்த கதை

அரசாங்க வைத்தியசாலைத் தாதியர் எல்லோரும் அஞ்சுகின்ற ஒரு கடிதம் உண்டு. ‘விளக்கம் கோரல்’ என்பது அதன் பெயர். இரவுக் கடமையில் நோயாளி ஒருவருக்கு உரிய நேரத்தில் மருந்து கொடுக்கப்படவில்லை, முதியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், வாட்டில் இருந்த பொருள் ஒன்று காணாமற் போய்விட்டது என்று ஏதேனும் முறைப்பாடு எழுமாயின், குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டு நிர்வாகத்திடமிருந்து அது வரும். கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அக்கடிதம் பெரும்பாலும் சிங்களத்திலேயே இருக்கும். அதைக் கையில் வாங்கிய தாதி முதலில் தேடிப் போவது சட்டத்தரணியை அன்று. தன் சங்கத்தின் கிளைச் செயலாளரையே.

அந்தக் கிளைச் செயலாளரும் அடுத்த வாட்டில் வேலை செய்யும் இன்னொரு தாதிதான். “அக்கா, இதுக்கு என்ன எழுதுறது?” என்றுதான் பேச்சுத் தொடங்கும். அன்றிரவு எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் இருந்தனர், கடமைப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, மேலதிகாரிக்கு எப்போது அறிவிக்கப்பட்டது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பயத்தில் எழுதப்படும் முதற் பதில், பின்னர் குற்றப்பத்திரிகை வரும்போது தாதிக்கு எதிரான முதற் சாட்சியாக மாறிவிடும் என்பது அனுபவமுள்ள சங்கக்காரர்கள் அனைவரும் அறிந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்வார். நடந்ததற்கான சூழ்நிலையையும் சேர்த்து எழுதச் சொல்வார். பணிப்பாளரின் அறைக்கு அழைப்பு வந்தால் கூடவே போவார். தாபனவிதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் உள்ள 48ஆம் அத்தியாயம்தான் அரசாங்க உத்தியோகத்தரின் ஒழுக்காற்று நடவடிக்கைகள் பற்றியது. அந்த அத்தியாயத்தை ஒரு தாதி தானாக எடுத்துப் படிப்பது அரிது. கிளைச் செயலாளருக்கு அது ஏறக்குறைய மனப்பாடமாக இருக்கும். வருடாந்த இடமாற்றம், மேலதிக நேரக் கொடுப்பனவு, பிரசவ விடுமுறை, நிலுவைச் சம்பளம் என்று அவரது மேசைக்கு வருபவை இன்னும் பல.

பத்திரிகைச் செய்தியறைகளில் பல்லாண்டுகள் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாதியர் சங்கங்களைப் பற்றி நாங்கள் எழுதியவை அனைத்தும் வேலைநிறுத்தச் செய்திகளே. ‘தாதியர் பணிப்புறக்கணிப்பு, நோயாளர் அவதி’ என்ற தலைப்பை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. கடிதம் ஒன்றோடு தனியே நிற்கும் பெண்ணின் பக்கத்தில் இன்னொருவர் போய் நிற்பது எந்தப் பதிப்பிலும் செய்தியானதில்லை. ஆனால் சங்கம் என்பதன் அன்றாட வேலை அதுவே. அந்த ‘பக்கத்தில் நிற்கும் ஆள்’ கண்டிச் சீமைக்கு எப்படி வந்தார் என்பது நம்மவர்கள் அதிகம் பேசாத வரலாறு.

அவர் இரண்டு வழிகளால் வந்தார். ஒன்று தோட்டங்களின் வழி. மற்றது அரசாங்கக் கந்தோர்களின் வழி. இரண்டு வழிகளிலும் ஒவ்வொரு தமிழர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருக்கிறார்.

முதலில் தோட்டம். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு காலத்தில் நின்றவர் பெரிய கங்காணி ஒருவரே. ஆளைத் திரட்டி வந்தவரும் அவர், கடன் கொடுத்தவரும் அவர், குறையைத் துரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அவர். கடன் கொடுத்தவரே வழக்குப் பேசுபவராகவும் இருந்தால் அந்த வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்கத் தேவையில்லை. கடன்பட்ட தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் லயத்துக்குள் வெளியார் எவரும் நுழையக்கூடாது என்ற நிலை மாறவில்லை. தோட்டத்துப் பாதை துரையின் பாதை. அதில் அனுமதியின்றி வருபவர் அத்துமீறியவர். கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்த கதை மலையகத்தில் இன்றும் சொல்லப்படுவதுண்டு. 1931இல் அவர் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார்.

தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தால் கிடைத்தது. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழரான பெரி சுந்தரம் என்பதை இன்றைய தலைமுறையில் பலர் அறியார். ஆனால் சட்டப் புத்தகத்தில் சங்கம் இருப்பது வேறு, தோட்டத்தில் சங்கம் இருப்பது வேறு. 1936இல் மடுல்கலைப் பக்கத்து றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த பிறேஸ்கேர்டில் என்ற வெள்ளையர், தொழிலாளர் பக்கம் சாய்ந்தமைக்காக வெளியேற்றப்பட்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் சமசமாஜிகளோடு அவர் மேடையேறினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார்; உயர்நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஒரு வெள்ளைக்காரருக்கு நாடே திரண்டது. தோட்டத்தில் சங்கம் சேர்த்ததற்காகப் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் துரத்தப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி எவரும் திரளவில்லை.

அந்த நிலையை மாற்றியது மூலோயா. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டை மலைகளில் உள்ள தோட்டம் அது. சம்பளத்தில் 16 சதம் உயர்வு கேட்டு அங்குள்ள தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை அமைப்பாக்கியது சமசமாஜிகளின் சங்கம். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். எழுந்த எதிர்ப்பினால் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் முன்னிலையில் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. தோட்டத்தில் தொழிலாளி ஒருவர் செத்தால் தோட்டத்துக்குள்ளேயே விடயம் முடிந்துவிடும் என்றிருந்த காலத்தில், அவருடைய மனைவி ஒரு சட்டத்தரணியை உடன் வைத்துக்கொண்டு பொலிசையும் தோட்டத்துரைமாரையும் கேள்விக்கு உட்படுத்தியமை அந்நாளில் பெரும் புதுமையாக இருந்தது.

விவகாரம் அத்தோடு நிற்கவில்லை. மூலோயாச் சம்பவம் தொடர்பாக நீதிமன்றத்தில் நடந்த வழக்கை ஆணைக்குழுவின் அறிக்கை வரும்வரை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டு அமைச்சர் கூறியதைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. ஆளுநர் கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி விலகினர். ஒரு தோட்டக் கூலியின் சாவு அரசியலமைப்பு நெருக்கடியாக மாறியது இலங்கையில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். அமைச்சர்களுக்கு அது அதிகாரப் பிரச்சினை. தொழிலாளருக்கு அது வேறு பிரச்சினை.

அவர்களுக்கான பலன் அதே ஆண்டில் ‘ஏழு அம்ச உடன்படிக்கை’ என்ற பெயரில் வந்தது. தோட்ட முதலாளிமாரின் அமைப்பும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட இந்த உடன்படிக்கை, தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேரும் உரிமையையும், பிணக்கு எழுந்தால் சங்கப் பிரதிநிதிகளோடு பேசித் தீர்க்கும் ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டது. முன்னைய ஆண்டில் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1940 செப்டெம்பரில் கம்பளையில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அக்காலத்தில் காங்கிரசின் கம்பளைக் கிளைத் தலைவராக இருந்த றம்பொடை வேவண்டன் தோட்டத்து இளைஞர் சௌமியமூர்த்தி தொண்டமான் பின்னர் என்னவானார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத் ‘தலைவர்’ என்று நாம் அறிந்த மனிதர் பிறந்தது இக்காலத்தில்தான். லயத்தில் வாழ்பவர், மலையில் வேலை செய்பவர், மாலையில் துரையின் கந்தோருக்குச் சென்று பேசுபவர். பேர் போடவில்லை, கொழுந்து நிறுக்கையில் கழிவு கூடுதலாக வெட்டப்பட்டது, பிள்ளைப் பேற்றுச் சகாயம் வரவில்லை, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக லொறி தரவில்லை என்பவையே அவர் பேசும் விடயங்கள். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தலைவரோ பெரும்பாலும் ஆண். மாதர் சங்கத் தலைவி என்றொரு பதவி பின்னர் வந்தது. எனினும் துரையின் கந்தோர் வாசற்படியில் ஏறியவர்களில் அவர் அரிதாகவே இருந்தார். நம் சங்கங்கள் இன்னும் தீர்க்காத கடன்களில் இது ஒன்று.

உடன்படிக்கை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். மறு ஆண்டே புப்புரஸ்ஸையில் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை கொலையுண்டார். இரு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டனர். 1940 ஜூனில் கைதான கொல்வின், என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோர் பின்னர் கண்டி போகம்பரைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு அவர்கள் அங்கிருந்து தப்பியது தனிக் கதை. வெளியாரான சங்கப் பிரதிநிதி துரையின் அனுமதியை நம்பியிராமல் தோட்டத்துக்குள் போவதற்கான சட்டம் வரவோ 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தோட்டங்களுக்குள் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் நுழைதல்’ பற்றிய 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அது. கோவிந்தன் விழுந்து 30 ஆண்டுகளுக்குப் பின்!

இனி இரண்டாவது வழி. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சங்கம் என்பது பிரித்தானியர் காலத்தில் ஒருவகைச் சபை போன்றதே. மனுக் கொடுக்கலாம், கோரிக்கை எழுப்புவது ஒழுங்கீனம். 1947இல் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் தொழிற்சங்க உரிமைகளைக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவ்வாண்டு ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் சென்ற ஊழியர் மீது பொலிசார் சுட்டதில் வி. கந்தசாமி என்ற எழுதுவினைஞர் இறந்தார். சிங்களத் தொழிற்சங்கவாதிகள் இன்றும் நினைவுகூரும் தமிழ்ப் பெயர் அது. நம்மிடையே அப்பெயரை அறிந்தவர் எத்தனை பேர் என்பது ஐயமே.

இங்கேதான் கண்டி மறுபடி வருகிறது. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்து வேலையை இழந்தவர் ரி.பி. இலங்கரத்ன. கண்டி மாவட்டத்து ஹத்தரலியத்தைக்காரர். 1947 பொதுத் தேர்தலில் கண்டித் தொகுதியில் வென்றவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுகாதார அமைச்சராக இருந்தவர் அவர். தேர்தல் மனுவினால் அவர் பதவி இழக்க, 1948இல் நடந்த இடைத்தேர்தலில் வேலைநீக்கப்பட்ட எழுதுவினைஞர் இலங்கரத்ன கண்டியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அவருக்கும் தேர்தல் மனு வந்து பதவி போயிற்று. அடுத்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி தமரா குமாரி வென்றார். கண்டி வாக்காளர் அந்த நாட்களில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1956இல் இலங்கரத்ன தொழில் அமைச்சரானார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது அவருடைய காலத்திலேயே. தோட்டத் தொழிலாளி ஓய்வுபெறும்போது இன்று கையில் வாங்குகிற சேமலாபப் பணத்துக்கும், வேலைபோன ஒரு கண்டிக் கிளாக்கருக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு அரச ஊழியர் சங்கங்களுக்கு இடம் வைக்கப்பட்டது. அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. ஆனால் கட்டுப்பாடுகள் பல. ஒரே திணைக்களத்தார் அல்லது ஒரே சேவையார் மட்டும் சேரலாம், வேறு சங்கங்களோடு இணையக் கூடாது, அரசியல் நோக்கம் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதித்தனர். இவற்றிற் சில பின்னாளில் தளர்ந்தன. தாதியர் சங்கங்கள் இந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவையே.

அதே 1948இல், மூன்றே இலக்கங்கள் தள்ளி, 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது இலங்கைக் குடியுரிமைச் சட்டம். தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே சற்று நின்று சொல்கிறேன். அரசாங்க சேவைக்குக் குடியுரிமை வேண்டும். தாதியாக வேண்டுமென்றாலும் அதுவே. ஒரு சட்டம் அரசாங்கத் தாதிக்குச் சங்கத்தைக் கொடுத்தது. மற்றச் சட்டம் லயத்துப் பெண் அரசாங்கத் தாதியாகும் வாசலையே அடைத்தது. மூலோயாவில் எவருடைய இரத்தத்தால் சங்கப் பிரதிநிதி என்ற நிறுவனம் கண்டி மலைகளில் வேரூன்றியதோ, அவர்களின் பேத்திமாருக்குக் கண்டி ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சீருடை எட்டாத பொருளாயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் ஒரு பகுதியினர் கப்பலேறினர். நீலகிரியிலும் கூடலூரிலும் இதனை வாசிப்பவர்கள் அக்கதையை என்னைவிட நன்கறிவர். எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும்தான் முடிவுக்கு வந்தது. பிறகும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகள் என்ற இன்னொரு வேலி இருந்தது. அதையும் தாண்டி வந்தவர்களே இன்று கண்டிப் பகுதி வைத்தியசாலைகளில் நோயாளர் “மிஸ்” என்று கூப்பிட, மலையகத் தமிழில் “என்ன செய்யுது?” என்று கேட்கிற பெண்கள்.

அரச ஊழியர் சங்கத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பது 1980இல் சோதிக்கப்பட்டது. 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அவ்வாண்டு ஜூலையில் நடந்த பொது வேலைநிறுத்தத்தை ஜே.ஆர். ஜயவர்தன அரசு அவசரகாலச் சட்டத்தால் நசுக்கியது. ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். வீதியோரத்தில் மரக்கறி விற்ற முன்னாள் கிளாக்கர்மாரை எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அரசாங்கக் கந்தோர்களில் சங்கம் என்ற சொல்லை உரக்கச் சொல்ல அஞ்சினர். அந்த அமைதியை முதலில் கலைத்தவர்களுள் தாதியரும் இருந்தனர். 1986இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு மீண்டும் அவசரகால அதிகாரங்களையே கையில் எடுத்தது. பொதுச் சேவைகள் ஐக்கிய தாதியர் சங்கம் பின்னர் சமத்துவ உரிமையையும் சங்க உரிமையையும் முன்வைத்து உயர்நீதிமன்றம் வரை போனது. பொது நிருவாக அமைச்சர் மொன்டேகு ஜயவிக்கிரமவை முதற் பிரதிவாதியாகக் கொண்ட அந்த வழக்கு 1988ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் உள்ளது. ஒரு தாதியர் சங்கத்தின் பெயர் அரசியலமைப்பு வழக்கொன்றின் தலைப்பில் இருப்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அச்சங்கத்தின் தலைவர் ஒரு பௌத்த துறவி: முருத்தெட்டுவே ஆனந்த தேரர். நாரஹேன்பிட்டி அபயராம விகாரையின் விகாராதிபதி. பெண்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு தொழிலின் மிகப் பெரிய சங்கங்களுள் ஒன்றுக்குக் காவியுடை தரித்த ஒருவர் பல தசாப்தங்கள் தலைவராக இருப்பது உலகில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 1980க்குப் பின்னான பயத்தின் நாட்களில் அந்தக் காவியுடை தாதியருக்குக் கவசமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் கவசத்துக்கும் விலை உண்டு. அதிகாரத்தில் இருப்போருக்கு நெருக்கமானவர் என்ற பேச்சு அவரை விடாமல் தொடர்ந்தது. 2021 நவம்பரில் கொழும்புப் பல்கலைக்கழக வேந்தராக அவர் நியமிக்கப்பட்டபோது, அடுத்த மாதப் பட்டமளிப்பில் மாணவர் பலர் அவர் கையால் பட்டம் வாங்க மறுத்தனர். மறுபக்கத்தில், அரச தாதி உத்தியோகத்தர் சங்கத்தின் தலைவர் சமன் ரத்னப்பிரிய ஐக்கிய தேசியக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராகச் சில காலம் இருந்தார். பின்னர் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானதும் தொழிற்சங்க விவகாரங்களுக்கான பதவியொன்றை ஏற்றார். தலைமைகளின் இந்த அரசியல் கீழே கிளை மட்டத்துக்கும் இறங்குவது இயல்பு. ‘நீ எந்தச் சங்கம்?’ என்று முதலில் கேட்டுவிட்டு அதன் பிறகே கடிதத்தை வாங்கிப் பார்க்கும் கிளைச் செயலாளர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேளாதவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களால்தான் சங்கம் இன்னும் நிற்கிறது.

அரசாங்கத் தாதிக்குச் சங்கம் ஏன் இத்தனை அவசியம் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், தனியார் துறையில் வேலைநீக்கப்பட்டவருக்குத் தொழில் நியாயசபை என்ற வாசலைத் திறக்கிறது. அச்சட்டத்தின் 49ஆம் பிரிவு அரசாங்கத்தையும் அதன் ஊழியரையும் அதிலிருந்து விலக்குகிறது. தோட்டத்துக் கொழுந்துக்காரி தன் வழக்கைத் தொழில் நியாயசபைக்குக் கொண்டுபோகலாம். அரசாங்கத் தாதியான அவள் மகள் போக முடியாது. மகளுக்குள்ளவை ஒழுக்காற்று விசாரணையும், அரசாங்க சேவை ஆணைக்குழுவும், அதற்கு மேலான மேன்முறையீடுகளும்தான். இவை யாவும் கடிதத்தால் நடப்பவை. எழுத்து எந்த மொழியில் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழியே. தமிழில் பதில் எழுதும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆயினும் தன் வார்த்தை சரியாகப் போய்ச் சேருமா என்ற ஐயத்தில், தனக்கு அரைகுறையாகத் தெரிந்த சிங்களத்திலேயே விளக்கம் எழுதிய தாதியரை நான் அறிவேன். ‘மறந்துவிட்டேன்’ என்பதற்கும் ‘கவனிக்கத் தவறினேன்’ என்பதற்கும் விசாரணையில் எவ்வளவு தூரம்! அத்தகைய வேளையில் இரு மொழியும் அறிந்த கிளைச் செயலாளர் ஒருவர் பக்கத்திலிருந்து ஒரு சொல்லை மாற்றிக் கொடுப்பது, கொழும்பில் நடக்கும் எந்த ஊர்வலத்துக்கும் குறைந்த உதவியன்று. அவர் பெரும்பாலும் சிங்களவராகவே இருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன அரசியல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் வைத்தியசாலை வாட்டுக்குள் இந்த உறவு அறுந்துவிடவில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் தாதியருக்கு இது விசித்திரமாகப் படலாம். பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம், ஒழுக்காற்று விசாரணைக்குச் செல்பவர் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரையோ சக ஊழியர் ஒருவரையோ உடன் அழைத்துச் செல்வதைச் சட்டபூர்வ உரிமையாக்கியது. அழைத்துப்போக மறுத்தால் நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். 1916இல் தொடங்கிய அந்நாட்டு அரச தாதியர் கல்லூரி, தன் வரலாற்றில் முதற் தடவையாகப் பரந்த அளவிலான வேலைநிறுத்தத்தை நடத்தியது 2022 டிசெம்பரில்தான். நூறாண்டுக்கு மேல் வேலைநிறுத்தத்தைவிட, பக்கத்தில் நிற்கும் வேலையே அவர்களின் பிரதான வேலையாக இருந்தது. நம் நாட்டிலோ சங்கம் என்றால் பணிப்புறக்கணிப்பு என்றே பொதுமக்கள் எண்ணுகின்றனர். 2024 ஜனவரி, பெப்ரவரியில் வைத்தியர்களுக்கு மட்டும் 35,000 ரூபாவால் உயர்த்தப்பட்ட கொடுப்பனவைத் தமக்கும் கேட்டு 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். கோரிக்கையின் நியாயத்தைப் பேசியவர்களைவிட நோயாளரின் வரிசையைப் படம் பிடித்தவர்களே அதிகம். அந்த வரிசையில் நின்ற ஏழைகளின் துன்பம் பொய்யன்று என்பதால்தான் இத்தகைய வேலைநிறுத்தங்களைப் பற்றி என்னால் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுத முடிவதில்லை.

இன்னொரு வகைத் தாதியரும் கண்டியில் இருக்கிறார்கள். தனியார் வைத்தியசாலைகளில் பணியாற்றும் இளம்பெண்கள். தோட்டங்களிலிருந்து வருபவர்களில் பலர் அரசாங்கப் பயிற்சிக்கு எடுபடாதபோது இங்கேதான் சேர்கின்றனர். அரசாங்கத் தாதிக்கு இல்லாத தொழில் நியாயசபை இவர்களுக்கு உண்டு. அரசாங்கத் தாதிக்கு உள்ள கிளைச் செயலாளர் இவர்களுக்கு இல்லை. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், ஊழியரில் 40 வீதத்தினர் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச மறுப்பதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்கிறது. அந்த 40 வீதத்தை எட்டுவதற்கு முதலாவது உறுப்பினர் ஒருவர் துணிய வேண்டும். 2011இல் கேரளத்தில் தனியார் வைத்தியசாலைத் தாதியர் தமக்கெனச் சங்கம் அமைத்துத் தொடர்ந்து போராடியதன் விளைவாக, 2018இல் அம்மாநில அரசு அவர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 20,000 ரூபாவாக நிர்ணயித்தது. கண்டியில் அப்படியொரு சங்கம் வேரூன்றவில்லை. வெளியிலிருந்து ஒரு சங்கப் பிரதிநிதி உள்ளே போய்ப் பேசலாம் என்றால் வாசலில் காவலாளி நிற்கிறார். அவரைத் தாண்டிச் செல்ல 1970ஆம் ஆண்டின் சட்டம் உதவாது. அது தோட்டங்களுக்கு மட்டுமே உரியது.